மூக்கு லீவில் இருந்த வாரம்

ஆகஸ்ட் 9, சனி. ஆலப்புழை

ஏலக்காய் வியாபாரி ஏலத்தோட்டம் பார்க்கச் சுற்றுலா போகிறான் என்றால் ஊரில் சிரிக்கத்தான் செய்வார்கள். சிரித்தார்கள். போடிநாயக்கனூரில் எங்கள் கடைவாசலில் வேன் வந்து நின்றதும் எதிர்க்கடை மிளகுக்காரர், "என்ன மூக்கு அண்ணாச்சி, டூரா? அங்க போயி என்னத்தப் பாக்கப் போறீங்க, நம்ம கோடவுன்லயே ஒரு சேரப் போட்டு உக்கார வேண்டியதுதான?" என்றார். நான், "கோடவுனுக்கு டிக்கெட் கிடைக்கலை" என்றேன்.

மூக்கு அண்ணாச்சி என்பது நான்தான். பெற்றோர் வைத்த பெயர் தனுஷ்கோடி. கண்ணை மூடிக்கொண்டு ஒரு காயை முகர்ந்தால் எந்த மலை, எத்தனையாவது தடவை பறித்த எடுப்பு என்று சொல்லிவிடுவேன் என்பது ஊரில் உலவும் கதை. அதில் பாதி உண்மை. மீதிப் பாதியை நானே பரப்பினேன்.

சுற்றுலா என் யோசனை இல்லை. மைத்துனன் வேல்மயிலின் யோசனை. என் மனைவி தங்கபுஷ்பத்தின் தம்பி, கடையில் என் கூட்டாளி. கணக்கு அவன், கொள்முதல் நான். "அத்தான், அக்கா எங்கயுமே போனதில்ல. ரெண்டு நாள் படகு, ரெண்டு நாள் காடு, அப்படியே வியாழக்கெழம குரியச்சன் தோட்டத்துல தட்டப் பாத்துட்டு, போடிமெட்டு வழியா எறங்கிருவோம்" என்றான். அக்கா மேல் அவனுக்கு இவ்வளவு பாசம் என்பது அக்காவுக்கே புதிய செய்தி.

இந்த டைரி உரக்கம்பெனிக்காரன் இலவசமாகக் கொடுத்தது. எழுதப் போகிறவனும் நான், படிக்கப் போகிறவனும் நான். எனவே ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். என் மூக்கு வைகாசியிலிருந்து லீவில் இருக்கிறது. ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மல்லிகைப்பூ, மண்ணெண்ணெய், புஷ்பம் வைக்கும் அயிரை மீன் குழம்பு எல்லாம் இப்போது ஒன்று. நாக்குக்கு உப்பும் உறைப்பும் மட்டும் மிச்சம். வீட்டில் ஆடிட்டரைப் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு மதுரையில் ஒரு டாக்டரைப் பார்த்தேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "வரலாம், வராமலும் போகலாம்" என்றார். மழையைப் பற்றி நான்கூட அப்படித்தான் சொல்வேன். எனக்கு யாரும் ஃபீஸ் கொடுப்பதில்லை.

மூக்கில்லாத கொள்முதல்காரனும் கண்ணில்லாத டிரைவரும் ஒன்று. ஏல மையத்தில் சாம்பிள் பொட்டலம் வந்ததும் தட்டில் கொட்டி, பார்த்து, கசக்கி, முகர்ந்து, மிச்சத்தைத் தரையில் வீசிவிட்டு விலை போடுவோம். வைகாசியிலிருந்து கண்ணை வைத்தே ஓட்டுகிறேன். நிறம், பருமன், பிளந்த காய் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். தெரியாதது ஒன்றே ஒன்று, புகை. காயை உலர்த்தும் ஸ்டோரில் அடுப்புக் குழாய் ஓட்டையானால் புகை காயில் ஏறிவிடும். பார்க்க மரகதம் மாதிரி இருக்கும். டீயில் போட்டால் விறகடுப்பு. நான் ஆனியில் வாங்கிய ஒரு சரக்கு அப்படித்தான் டில்லியிலிருந்து திரும்பி வந்தது. வேல்மயில் என் முகத்தை, குறிப்பாக அதன் நடுப்பகுதியை, ரொம்ப நேரம் பார்த்தான். அடுத்த வாரம் சுற்றுலா யோசனை வந்தது. அவன் மகன் எம்.பி.ஏ. முடித்துவிட்டு வீட்டில் இருக்கிறான். ஏல மையத்தில் நான் உட்காரும் நாற்காலிக்குப் பையன் இப்போதே அளவு சரியாக இருப்பான்.

ஆக, வியாழக்கிழமை குரியச்சன் தன் தோட்டத்து முதல் எடுப்பைத் தட்டில் வைத்து முகரக் கொடுக்கும்போது நான் தேறினால் நாற்காலி எனக்கு. இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற மூக்கு என்று சால்வை போட்டு அனுப்பிவிடுவார்கள்.

புஷ்பத்துக்கு இதெல்லாம் தெரியாது. தெரியவும் கூடாது. "மூக்கு அண்ணாச்சி சம்சாரம்" என்று கல்யாண வீடுகளில் அவளை முன்வரிசையில் உட்கார வைக்கிறார்கள்.

அவளைப் பற்றி ஒரு புகார் மட்டும் பதிந்துவைக்கிறேன். சமீபகாலமாக வாய் ஓய்வதில்லை. குமுளி தாண்டியதிலிருந்து ஆரம்பித்தாள். "ஏங்க, பலாப்பழ வாசம் வருது." "ஏங்க, ரப்பர் பால் நாத்தம், கண்ணாடிய ஏத்துங்க." "மழ வரப்போகுது, மண்ணு வாசம் தூக்குது." முன்னால் உட்கார்ந்திருந்த வேல்மயில் பெண்டாட்டி சுகுணா போனில் தன்னைத்தானே படம் எடுப்பதை நிறுத்திவிட்டு, "மதினி, நீங்க ரேடியோவுல சேந்திருக்கலாம்" என்றாள். சுகுணா உருப்படியாகப் பேசி நான் கேட்டது இதுதான் முதல் தடவை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு. படகுவீடு

தண்ணீர், தென்னை, வாத்து. திரும்பிப் பார்த்தால் தென்னை, தண்ணீர், வாத்து. சுகுணா எல்லாவற்றோடும் தனித்தனியாகப் படம் எடுத்துக்கொண்டாள், வாத்து சம்மதிக்கவில்லை.

மதியம் கரிமீன் பொரித்து வைத்தார்கள். வேல்மயில் தன் தட்டிலிருந்த துண்டை என் மூக்கருகே நீட்டினான். "அத்தான், மோந்து பாத்து என்ன எண்ணெய்னு சொல்லுங்க பாப்போம்."

"கேரளாவுல பின்ன வெளக்கெண்ணெயிலயா பொரிப்பாய்ங்க? கைய எடு மாப்ள, முள்ளு மூக்குல ஏறிரும்."

சிரித்தான். பல் மட்டும் சிரித்தது.

காலையில் நடந்ததை முதலில் எழுதியிருக்க வேண்டும். பின்னால் எழுதுகிறேன், காரணம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் முன்னால் விழித்துவிட்டேன். சமையல்காரர் மீன் வாங்கக் கரையில் இறங்கியிருந்தார். நாமே ஒரு காபி போட்டுக்கொள்வோமே என்று பின்பக்கத்து அடுப்படிக்குப் போனேன். சின்ன அறை; ஜன்னல் பலகையெல்லாம் மழைக்கு இறுக்கிச் சாத்தியிருந்தது. பாத்திரத்தில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைத்து, லைட்டரைக் கையில் எடுத்தேன்.

புஷ்பம் தலையை அள்ளி முடியாமல், ஓடி வந்தாள் என்று எழுதுவது குறைவு, பறந்து வந்தாள். லைட்டரைப் பிடுங்கிக் கதவு வழியாகக் காயலில் எறிந்தாள். என் சட்டையைப் பிடித்து வெளியே இழுத்தாள். பொத்தான் ஒன்று போய்விட்டது.

"என்னடி?"

"கரப்பான் பூச்சி."

பிறகு ஜன்னல் பலகைகளை ஒவ்வொன்றாகத் தள்ளித் திறந்தாள். படகோட்டியைக் கூப்பிட்டாள். அவர் அடுப்படிக்குள் நுழைந்தவர் அதே வேகத்தில் பின்வாங்கி, துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு மறுபடி போய், குனிந்து எதையோ திருகினார். வெளியே வந்து என்னைப் பார்த்து நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் கரப்பானைப் புஷ்பம் செருப்பால் ஒரே அடியில் முடிப்பாள். இன்று செருப்பைத் தேடக்கூட இல்லை.

காபி வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள். படகுவீடு

மழை. நாள் முழுக்க ரம்மி. வேல்மயில் ஜெயித்தான். கரப்பான் எதுவும் கண்ணில் படவில்லை.

ஆகஸ்ட் 12, செவ்வாய். தேக்கடி

மலையேறும் வழியெல்லாம் வானொலி ஒலிபரப்பு. இன்று நான் கொஞ்சம் எரிந்து விழுந்துவிட்டேன். "எனக்கும் மூக்கு இருக்கு புஷ்பம், எல்லாத்தையும் நீயே சொல்லணுமா?" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இரண்டு வளைவு தாண்டியதும், "டிரைவர் தம்பி, பிரேக்கு தீயிற நாத்தம் வருது, செத்த நிறுத்துங்க" என்றாள். நிறுத்திப் பார்த்ததில் சக்கரத்திலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

மதியத்துக்கு மேல் காட்டுக்குள் நடை. அட்டைக் கடிக்காக முழங்கால்வரை துணி உறை மாட்டிவிட்டார்கள். என் தொப்பைக்கும் அந்த உறைக்கும் சேர்ந்து, நான் சீருடை போட்ட பானை மாதிரி இருந்தேன். வழிகாட்டி ராஜப்பன் என்று ஒரு வனவாசிப் பெரியவர். பேசக் கூடாது என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினார். என்னிடம் அதைக் காட்டிப் பயன் இல்லை. டில்லி சேட்டு ஒருவர் போடிக்கு வந்து முதன்முதலாக முட்டைப் பரோட்டா தின்ற கதையை நான் சுகுணாவுக்குச் சொல்லிக்கொண்டே முன்னால் நடந்தேன்.

சேட்டு இரண்டாவது பரோட்டா கேட்கும் கட்டத்தில் சுகுணா சிரிக்கவில்லை என்று தோன்றியது. திரும்பினேன். பின்னால் யாருமே இல்லை. எல்லோரும் வெகு பின்னால், நட்டுவைத்த கம்பம்போல் நின்றிருந்தார்கள். ராஜப்பன் மூக்கை உயர்த்திக் காற்றைப் பிடித்துக்கொண்டிருந்தார். சுகுணா முந்தானையால் மூக்கைப் பொத்தியிருந்தாள். வேல்மயிலும் பொத்தியிருந்தான். புஷ்பம் மட்டும் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை, ஓடக் கூடாது என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல் அடிமேல் அடி வைத்து வந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை. வந்து என் முழங்கையைப் பிடித்து, ஒரு வார்த்தை பேசாமல் பின்னுக்கு நடத்தினாள்.

அப்போதுதான் எனக்குப் பக்கத்திலிருந்த மூங்கில் புதர் மூச்சு விட்டது. உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு சுவர். சுவருக்கு ஒரு காது.

ரொம்ப தூரம் வந்த பிறகு ராஜப்பன், "ஒத்தக் கொம்பன் யானை. அம்புட்டு வாட அடிச்சுதே சாரே, சாருக்குக் கிட்டலியா?" என்றார்.

"கிடைச்சுது, கிடைச்சுது. கிட்டக்கப் போயி ஆணா பொண்ணான்னு பாக்கலாம்னுதான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். வேல்மயில் சிரிக்கவில்லை. "ஊரே மூக்கப் பொத்திக்கிட்டு நிக்குது. நீங்க முட்டப் பரோட்டா சொல்லிக்கிட்டுப் போறீங்க அத்தான்" என்றான், ரொம்ப மெதுவாக.

ஆகஸ்ட் 13, புதன். குமுளி

வெள்ளைக்காரர்களுக்காக வைத்திருக்கும் வாசனைத் தோட்டம் ஒன்றுக்கு வேல்மயில் கூட்டிப் போனான். காசு கொடுத்து மிளகுக் கொடி பார்த்தோம். எங்கள் ஜாதிக்கு இதைவிடக் கேவலம் வேறு இல்லை.

ஷைனி என்று ஒரு பெண் சுற்றிக் காட்டினாள். அங்கே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். இலையைக் கசக்கி உள்ளங்கையில் மறைத்து ஒவ்வொருவர் மூக்கிலும் நீட்டி, "பறயு, இது எந்தா?" என்று கேட்கிறாள். சரியாகச் சொன்னால் கைதட்டல். சுகுணா கிராம்பு இலையைத் துளசி என்றாள், அதற்கும் தட்டினார்கள்.

வேல்மயில் என் தோளில் கை போட்டு முன்னால் தள்ளினான். "ஷைனி, இவர் யாருன்னு நெனச்சீங்க? போடியில மூக்கு அண்ணாச்சின்னா பச்சப்புள்ளைக்குத் தெரியும். கஷ்டமானதா ஒண்ணு குடுங்க. சார் கண்ண மூடிக்கிருவாரு. அத்தான், கண்ண மூடுங்க."

கூட்டம் கூடிவிட்டது. ஒரு குஜராத்திக் குடும்பம் போனைத் தூக்கிப் பிடித்தது. கண்ணை மூடினேன். மூக்குக்குக் கீழே ஈரமாக ஏதோ வந்து நின்றது. இழுத்தேன். காற்று வந்தது. வெறும் காற்று, சைக்கிள் டியூபுக்குள் இருக்குமே, அது. பட்டையா, ஜாதிக்காயா, சர்வசுகந்தியா? மூன்றில் ஒன்றைச் சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன்.

"அய்யய்ய, சர்வசுகந்தி!" என்று புஷ்பம் பக்கத்தில் கத்தினாள். "அந்தா, அங்க நிக்கிற மரம்தான? எங்கப்பா கடையில பிரியாணிக்காரவுகளுக்குப் போடுவோம்."

ஷைனி கைதட்டினாள். வேல்மயில் கையை எடுத்தான். "அக்கா, ஒன்னயவா கேட்டேன்?"

"வாசம் தூக்குச்சு, சொல்லிட்டேன். ஏன், எனக்கு மூக்கு இல்லையா?"

"ஒனக்கு இருக்கு. அது தெரியும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் சர்வசுகந்தி மரத்தைப் பார்த்தேன். நல்ல மரம்.

உனக்கு எதற்கு இத்தனை அவசரம் என்று அறைக்கு வந்து கேட்டேன். "சும்மாதான்" என்றாள். புடவையை மடித்தாள். பிரித்தாள். திரும்ப அதையே மடித்தாள். நாளைக்குத் தட்டு.

ஆகஸ்ட் 14, வியாழன். வண்டன்மேட்டுக்கு அப்பால், குரியச்சன் தோட்டம்

காலை. சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். வயிறு நன்றாகத்தான் இருக்கிறது. புஷ்பம் குளித்துவிட்டுத் தலையில் பூ வைக்கவில்லை, பவுடர் போடவில்லை. வாசல் தாண்ட வேண்டுமென்றால் மூன்று முழம் மல்லிகை வேண்டும் அவளுக்கு. யார் மேல் கோபம் என்று கேட்டேன். கொண்டையை இன்னும் இறுக்கி முடிந்தாள்.

மாலை. இதை விடாமல் எழுத வேண்டும்.

குரியச்சன் வீட்டில் ஒரு முறை உண்டு. வருஷத்தின் முதல் எடுப்பு உலர்ந்து வந்ததும், அவர் அப்பா காலத்து வெண்கலத் தட்டில் ஒரு குவியலை வைத்து என் முன்னால் நீட்டுவார். நான் ஒரு காயைக் கசக்கி முகர்ந்து "நல்லாயிருக்கு" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான், அந்த வருஷச் சரக்கு முழுவதும் எங்கள் கடைக்கு. அதைப் பார்த்துத்தான் அந்த மலையின் மற்றத் தோட்டக்காரர்கள் எங்களிடம் வருவார்கள். தட்டு இருக்கும் ஸ்டோருக்குள் பெண்கள் வரக் கூடாது. பூவும் பவுடரும் காயின் மணத்தைக் கெடுத்துவிடும் என்பது அவர் அம்மா போட்ட சட்டம். அம்மா போய்விட்டார், சட்டம் இருக்கிறது.

புஷ்பத்தையும் சுகுணாவையும் வீட்டுக்குள் கூட்டிப் போய்விட்டார்கள். திரும்பிப் பார்த்தேன். புஷ்பமும் திரும்பிப் பார்த்தாள்.

ஸ்டோருக்குள் சாக்கு மேல் நான்கைந்து தோட்டக்காரர்கள். குரியச்சன் தட்டை மேஜையில் வைத்தார். பச்சை என்றால் அப்படி ஒரு பச்சை. உருண்டு திரண்ட காய், ஒன்றுகூடப் பிளக்கவில்லை. "தனுஷ்கோடி அண்ணாச்சி, நோக்கிட்டுப் பறயணும்" என்றார். வேல்மயில் எனக்கு நேர் எதிரே, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு காயை எடுத்தேன். குலுக்கினேன், விதை நன்றாகச் சத்தம் போட்டது. நகத்தால் கீறினேன். விதை கறுப்பு, பிசுபிசுப்பு. எல்லாம் சரி. மூக்கில் வைத்தேன்.

சட்டைப் பொத்தானை மூக்கில் வைத்ததுபோல் இருந்தது.

இன்னொன்றைக் கசக்கினேன். மூன்றாவது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். "நல்லாயிருக்கு" என்று சொல்ல ஒரு நொடி போதும். காய் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனியில் வாங்கிய சரக்கும் இப்படித்தான் இருந்தது. புகை ஏறியிருந்தால் வருஷச் சரக்கு முழுக்க டில்லியிலிருந்து திரும்பும். மாமனார் வைத்த கடை என் கையால் மூடும். புகை என்று சொல்லி, புகை இல்லாவிட்டால் குரியச்சனை அவர் ஆட்கள் முன்னால் அவமானப்படுத்திய பாவம்.

"எந்தா அண்ணாச்சி, இத்தற நேரம்?"

யாராவது இப்போது "ஏங்க, வாசம் எப்படி..." என்று ஆரம்பிக்க மாட்டார்களா என்று காது தேடியது. மூக்கு இல்லை, காது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. பலாப்பழம், ரப்பர் பால், மண் வாசம், பிரேக். கேட்டுக் கேட்டே நான் மூன்று மாதமாக வாசனை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறேன். படகில் வந்தது கரப்பான் இல்லை, கேஸ் கசிவு. அது ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரியும், எழுதத்தான் இல்லை.

தட்டைத் தூக்கினேன். குரியச்சன், "எவிடெ?" என்றார். தட்டோடு வெளியே வந்தேன். முற்றத்தில் தூறல். வீட்டு வராந்தாவில் புஷ்பம் நின்றிருந்தாள், உட்காரவே இல்லைபோல.

"புஷ்பம், வா. நீ பாத்துச் சொல்லு."

"அண்ணாச்சி, பெண்ணுங்க பூவு வெச்சிட்டு..." என்று குரியச்சன் பின்னாலேயே வந்தார்.

புஷ்பம் திரும்பித் தலையைக் காட்டினாள். வெறும் கொண்டை. ஒரு ஹேர்பின்கூடக் கிடையாது.

"எனக்கு வாசம் தெரியல, குரியச்சன்," என்றேன். "காய்ச்சல் வந்ததுல போச்சு. வைகாசியில இருந்து. இவளுக்குத் தெரியும்." அவளைப் பார்த்துத்தான் சொன்னேன். வேல்மயில் பக்கம் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். ஒரு காயைப் பிளந்து, உள்ளங்கையில் தேய்த்து, கண்ணை மூடி இழுத்தாள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து அப்பா கடையில் தரம் பிரித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்த வேலைக்கு நான் வந்துவிட்டேன், அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். இன்னொரு காய். ரொம்ப நேரம். அவள் பொய் சொன்னால் எல்லோருக்கும் சௌகரியம் என்று எனக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

"பொக இருக்கு," என்றாள். "கொஞ்சந்தான். ஆனா இருக்கு."

வேல்மயில் ஒரு காயை எடுத்து முகர்ந்தான். "எனக்கு ஒண்ணும் தெரியலையேக்கா."

"ஒனக்கு எப்பத்தான் தெரிஞ்சுச்சு?"

குரியச்சன் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். எங்களைத் திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் ஸ்டோர் பக்கம் கையைக் காட்டினார். "மழயில அடுப்புக் கொழலு ஒடஞ்சு போயி. ரெண்டு நாளு கழிஞ்சுதான் கண்டோம். மூணு பேரு மோந்தாச்சு, ஒருத்தனும் பறஞ்சில்ல. ஞான் நெனச்சு, அண்ணாச்சி கண்டுபிடிச்சா நேர சொல்லிரலாம்னு. கண்டுபிடிக்கலேன்னா..." சாக்கின் மேல் இருந்த ஒருவர் சிரித்துவிட்டார். குரியச்சனும் சிரித்தார், பிறகு கைகூப்பினார், என்னிடம் இல்லை.

"கொழலு சரியாக்கி அடுத்த தட்டு வெக்கும்போ சேச்சிதான் வரணும். பூவு வேண்டா, கேட்டோ."

ஆகஸ்ட் 15, வெள்ளி. போடிமெட்டு, வீடு

வேனில் கொடி குத்தியிருந்தார் டிரைவர். சுதந்திர தினத்தில் என் நாற்காலியைப் பறிகொடுக்க நான் தயாராக உட்கார்ந்திருந்தேன்.

பூப்பாறை தாண்டியதும் வேல்மயில் ஆரம்பித்தான். "அத்தான், தப்பா நெனைக்காதீங்க. ஆனியில அந்தச் சரக்கு வந்தப்பவே கேட்டிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. அதான் டூருன்னு கூட்டியாந்தேன், நீங்களாச் சொல்லுவீங்கன்னு." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "இனிமே ஏல மையத்துக்கு நம்ம பய..." என்றான்.

"அவனுக்கு மூக்கு இருக்கா?" என்றாள் புஷ்பம். "ஒடம்பு பூரா சென்ட்டு அடிச்சிக்கிட்டுத் திரியிறான். அவன் நின்ன எடத்துல மிளகே தும்முது."

சுகுணா சிரித்துவிட்டாள், பெற்ற மகன் என்பதையும் மறந்து. வேல்மயில் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தான்.

"திங்கக்கெழம நான் வர்றேன்," என்றாள் புஷ்பம். "சேர்ல நான் உக்காருறேன். அவரு வெல போடட்டும். வெல அவருக்குத்தான் தெரியும்." யாரிடமும் கேட்கும் குரலில் இல்லை.

போடிமெட்டில் டீக்கு நிறுத்தினார்கள். கீழே மேகத்துக்குள் எங்கள் ஊர். அவளைத் தனியாகக் கூட்டிப் போய்க் கேட்டேன்.

"எப்பத் தெரியும்?"

"காய்ச்ச விட்ட மறுநா. பாலு அடிப்பிடிச்சுக் கரியாப் போச்சு. வீடெல்லாம் தீஞ்ச நாத்தம், பக்கத்து வீட்டம்மா ஓடியாந்துட்டா. நீங்க அடுப்புக்குப் பக்கத்துல உக்காந்து பேப்பர் படிச்சிட்டு இருந்தீங்க."

எனக்கே அன்றைக்குத் தெரியாது. நான் அதற்கும் ஒரு வாரம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன்.

"பெறகு ஏன் சொல்லலை?"

"ஆடிட்டரப் பாக்கப் போறேன்னு வெள்ளச் சட்ட போட்டுக் கெளம்பினீங்களே. சொல்ல மாட்டீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. சரி, நம்மளாவது கொஞ்சம் சத்தமா மோந்துக்கிருவோம்னு இருந்தேன்." டீயை ஊதினாள். "அந்தப் படகுலதான் ஈரக்கொலை நடுங்கிப்போச்சு."

மூக்கு லீவில் இருக்கிறது என்று அவளிடம் சொன்னேன். எழுதிக் கொடுத்த லீவா, சொல்லாமல் போன லீவா என்று கேட்டாள்.

ஆகஸ்ட் 18, திங்கள். போடிநாயக்கனூர்

ஏல மையத்தில் என் நாற்காலியில் புஷ்பம் உட்கார்ந்ததும் அறை முழுக்க ஒரு கணம் கம்ப்யூட்டர் சத்தம் மட்டும் கேட்டது. நான் பின்னால் ஒரு ஸ்டூலில், அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு. மிளகுக்காரர் எட்டிப் பார்த்து, "அண்ணாச்சி, பதவி எறக்கமா?" என்றார். "பதவி உயர்வு. இப்பப் பை இருக்குல்ல" என்றேன். சொல்லிவிட்டுப் பையின் ஜிப்பை ஒரு தடவை திறந்து மூடினேன். அவர் கவனித்திருக்க மாட்டார்.

சாம்பிள் பொட்டலங்கள் வர ஆரம்பித்தன. பிளந்தாள், இழுத்தாள், தோளுக்கு மேலே சொன்னாள். "ஈர வாசம், வேணாம்." "இது பழசு." "இது எடுக்கலாம்." நான் விலையை அவள் காதில் சொல்ல, அவள் பட்டனை அமுக்கினாள். முகர்ந்த காயை எங்களைப்போல் அவள் தரையில் வீசவில்லை, முந்தானையில் முடிந்துகொண்டாள். பாயசத்துக்காம்.

கடைசிப் பொட்டலத்தில் ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாள். நல்ல சரக்கு என்று முகத்திலேயே தெரிந்தது. திரும்பி, கசக்கிய உள்ளங்கையை என் மூக்கில் கொண்டுவந்து வைத்தாள், எல்லோர் முன்னாலும்.

"எனக்கு எதுக்குடி?"

"மோந்து பாருங்க. லீவு முடிஞ்சு என்னைக்காவது வந்தா, வீடு பூட்டிக் கெடக்குன்னு திரும்பிப் போயிறக் கூடாதுல்ல."

இழுத்தேன். அவள் கை சூடாக இருந்தது. வேறொன்றும் வரவில்லை. ஆனாலும் அந்தக் கையைத் தள்ளாமல் இன்னொரு தடவை இழுத்தேன். அதற்குள் வேறு எவனோ பட்டனை அமுக்கி அந்தச் சரக்கைக் கொண்டுபோய்விட்டான்.